பைலாவும் எங்கள் தெருக் குழாயும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த நகரின் நலச்சங்கத்துக்கு இரண்டு ஆவணங்கள் இருந்தன. சங்கம் எதற்காக, யாருக்காக என்று சொல்வது மெமோரண்டம். கூட்டத்தை எப்படிக் கூட்டுவது, சந்தாவை எப்போது வசூலிப்பது என்று சொல்வது பைலா. பைலா மெமோரண்டத்தை மீறக் கூடாது. டிப்ளமா முடித்து மறைமலை நகர் தொழிற்சாலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு இது விளங்க ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. செயலாளருக்கு அவருடைய பதவிக்காலம் முழுவதும் போதவில்லை.

அவர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர். இரண்டையும் ஒரே கோப்பில் கட்டி, ஆயுத பூஜையன்று போர்வெல் மோட்டாரோடு சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். படித்ததில்லை. மெமோரண்டம் கோவிலம்பாக்கத்துச் சங்கம் ஒன்றிடம் வாங்கி, பெயரை மட்டும் மாற்றி டைப் அடித்தது. பைலாதான் அவருடைய சொந்தப் படைப்பு. யாரோடு சண்டை வந்தாலும் ஒரு புது விதி பிறக்கும். அவர் வீட்டுச் சுவரோரம் மாடு கட்டக் கூடாது என்பதுகூட அதில் உண்டு.

ஒரு கோடையில் போர்வெல்லில் தண்ணீர் குறைந்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டுமே உறுப்பினர்கள், வாடகைக்காரர்களுக்குத் தண்ணீர் கிடையாது என்று ஒரு விதி எழுதினார். எங்கள் தெரு முழுக்க வாடகை வீடுகள். ஞாயிறு பொதுக்கூட்டத்தில் ஒப்புதல், திங்களன்று குழாய் அடைப்பு என்பது அவர் திட்டம். அதன்பின் அம்மா முழங்கால் வலியோடு மெயின்ரோடு கைபம்புக்கு நடக்க வேண்டியிருக்கும்.

கோப்பைக் கேட்டேன். "தாராளமா பாரும்மா, எல்லாம் பக்கா" என்று கொடுத்தார்.

கூட்டத்தில் எழுந்தேன். "சார், நகர்ல வசிக்கிற எல்லாரும் உறுப்பினர், எல்லாருக்கும் குடிநீர்னு மெமோரண்டம் சொல்லுது. பைலா அதை மாத்த முடியாது."

"அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா. பைலாதான் சட்டம்."

"பதிவாளர் ஆபீஸ்ல கேட்டுப் பாக்கலாமா சார்?"

அவர் முகம் மாறியது. "அப்போ மெமோரண்டத்தையே மாத்திடறோம்!"

"மாத்தலாம் சார். உறுப்பினருங்க முக்கால்வாசி பேர் ஓட்டுப் போடணும். நாங்களும் உறுப்பினருங்கதான்."

மனைகளுக்காகத் தன் வயலை விற்ற உள்ளூர்க்காரர்தான் பொருளாளர். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னா சார், உங்க பேப்பர்லயே மாட்டிக்கினியே! பேஜாரா கீது. தண்ணிய வுடு சார், டீ ஆறிக்கினு கீது."

திங்களன்று வழக்கம்போலக் குழாயில் தண்ணீர் வந்தது. செயலாளர் எங்கள் தெருவுக்கு வந்து, "மனிதாபிமான அடிப்படையில விட்டிருக்கேன்" என்றார்.

அம்மா கைகூப்பி, "ரொம்ப நன்றி சார்" என்றாள்.

நான் அடுத்த குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.