நான் விட்டுவிட்ட வரிகள்

நான் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஃபோட்டோ கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் எனக்கு ஓர் அறை உண்டு. ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு கணினி, ஒரு றப்பர் முத்திரை. பிறந்தவர், இறந்தவர், கட்டியவர், பிரிந்தவர் எல்லோரும் இந்த முத்திரை விழுந்த பிறகுதான் வெளிநாட்டில் அப்படி ஆகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்து, எட்டுச் செலவுச் சடங்கும் முடிந்து, பந்தலும் பிரித்திருப்பார்கள். நான் கையெழுத்து வைக்கும்வரை கடலுக்கு அப்பால் ஒரு கந்தோர் ஃபைலில் அவர் உயிரோடுதான் இருப்பார். இப்படி ஓர் அதிகாரம் கையில் இருந்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? எனக்கும் வந்திருந்தது.

எது உண்மை, எது வெறும் தோற்றம் என்று யோசிப்பது எனக்கு இளவயதிலிருந்தே உள்ள வியாதி. இந்தத் தொழிலில் அது முற்றிப்போயிற்று. முன்பெல்லாம் ஊரைக் கூட்டிச் சோறு போட்டால் கலியாணம் உண்மை. இப்போது வெளிநாட்டில் இருக்கும் புருசனிடம் பெண் போய்ச் சேர வேண்டுமென்றால், தங்கள் கலியாணம் உண்மையானது என்று முன்பின் தெரியாத ஓர் அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் போதாது. படங்கள் வேண்டும். ஃபோனில் எழுதிக்கொண்ட மெசேஜ்கள் வேண்டும், மொழிபெயர்ப்போடு. அப்படித்தான் மற்றவர்களின் தாம்பத்தியத்தை வாசிப்பது என் பிழைப்பின் ஒரு பகுதியாயிற்று.

மூன்று வருடங்களுக்கு முன்பு அந்தப் பெண் வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, விசா அலுவலுக்காக வெள்ளவத்தையில் சித்தி வீட்டு ஃபிளாட்டில் தங்கியிருந்தாள். புருசன் ஒரு குளிர் நாட்டில் சாமான் கிடங்கு ஒன்றில் வேலை. பெரியவர்கள் பேசி முடித்த பேச்சுக் கலியாணம். அவன் வந்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள், நின்று தாலி கட்டிவிட்டுத் திரும்பிப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

முதலில் படங்களைக் காட்டினாள். கல்கிசைக் கடற்கரையில் எடுத்தவை. அவன் அவள் தோளில் கை போட்டிருக்கிறான், அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், பின்னால் சூரியன் சொல்லிவைத்த மாதிரி இறங்குகிறது.

"வடிவா இருக்குப் பிள்ளை" என்றேன்.

"ஃபோட்டோக்காரர் சொன்னபடி நிண்டனாங்கள் அங்கிள். அவர் 'இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட' எண்டு சத்தம் போட, எனக்கு வெக்கத்திலை அழுகை வந்திட்டுது."

பிறகு மெசேஜ்களை அச்சடித்த கட்டைத் தூக்கி மேசையில் வைத்தாள். அரிசி மூட்டை வைத்த மாதிரிச் சத்தம் கேட்டது. புரட்டிப் பார்த்தேன். 'சாப்பிட்டனீரோ?' 'ஓம். இடியப்பம். நீங்கள்?' 'இனித்தான்.' அடுத்த நாள்: 'சாப்பிட்டனீரோ?' 'ஓம். புட்டு. நீங்கள்?' பக்கம் பக்கமாக இதே பாட்டுத்தான். ஒரு 'கண்ணே' இல்லை, ஒரு 'அன்பே' இல்லை. அவள் அவன் பெயரை ஓர் இடத்திலும் எழுதவில்லை. கொட்டாவி வந்தது.

"இதெல்லாம் தேவையில்லைப் பிள்ளை" என்றேன், பெரிய மனிதத் தோரணையில். "விசாக் கந்தோரிலை இருக்கிறவை வேலை உள்ள ஆக்கள். முக்கியமானதை மட்டும் நான் தெரிஞ்செடுக்கிறன்."

அவள் உடனே தலையாட்டினாள். "ஓம் அங்கிள், உது சும்மா கதைதானே."

தெரிந்தெடுத்தேன். பதிவுச் சான்றிதழ் பற்றி அவர்கள் எழுதியவை, அவளுடைய ஆங்கிலப் பரீட்சை பற்றி, பொலிஸ் அறிக்கை பற்றி, அவளுடைய தாயின் கண் ஒப்பரேசன் பற்றி. நாற்பது பக்கம். சுத்தமான வேலை. முத்திரை குத்தும்போது எனக்கே என்மீது மரியாதை வந்தது.

எட்டு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வாசித்தேன். இருவரும் எழுதிக்கொண்டவை பெரும்பாலும் ஆவணங்கள் பற்றியவை. கணவன் மனைவியின் அன்றாட வாழ்க்கைக்கு அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே இந்தத் திருமணம் உண்மையானது என்று அதிகாரி திருப்தியடையவில்லை. கடற்கரைப் படங்களை யாரும் சந்தேகிக்கவில்லை.

அவள் அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அவையள் சொல்லுறதும் சரியாக்கும் அங்கிள். மற்றப் பிள்ளையள் மணிக்கணக்காக் கதைக்கினம். எங்களுக்குக் கதைக்க ஒண்டும் வராது. மூண்டு கிழமைதானே ஒண்டா இருந்தனாங்கள். இது உண்மையான கலியாணமோ எண்டு எனக்கே இப்ப விளங்கேல்லை."

 விசா இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கிடைக்கலாம். ஆனால் இந்தக் கடிதம் போன இடத்தில் வேறு வேலையும் செய்துவிட்டது. தன் வாழ்க்கையைத் தானே நம்பாதபடி ஒரு பெண்ணை ஆக்கிவிட்டது. அதைச் செய்தது கடல் கடந்த அதிகாரி அல்ல. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் கொடுத்த நாற்பது பக்கம்தான். அதை வாசித்தால், பக்கத்துப் பக்கத்துக் கந்தோர்களில் இருக்கும் இரண்டு எழுதுவினைஞர்கள் ஃபைல் பற்றிப் பேசிக்கொண்ட மாதிரித்தான் இருந்தது.

"பிழை உங்களிலை இல்லைப் பிள்ளை. என்னிலைதான்" என்றேன். இந்த வசனத்தை நான் அதற்கு முன் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும். "நான் தேவையில்லை எண்டு விட்டதுதான் தேவையானது. அந்தக் கட்டைத் திருப்பிக் கொண்டு வாரும். முழுக்கச் செய்வம்."

அடுத்த ஒரு மாதம், பின்னேரங்களில் அவள் வந்து பக்கத்தில் இருந்தாள். நான் வரி வரியாக மொழிபெயர்த்தேன். முதல் நாள் அலுப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள், தொடர்ந்து மூன்று நாள் 'பாண்', 'பாண்', 'பாண்' என்று கடை ரொட்டியையே அவன் எழுதியிருந்த இடம் வந்தது. அதற்கு அடுத்த மெசேஜில் அவள் எழுதியிருக்கிறாள்: 'வேலை போயிட்டுதோ?' நெடுநேரம் கழித்து அவன்: 'ஆர் சொன்னது?' அவள்: 'மூண்டு நாளாப் பாண்.'

நான் விரலை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"வேலை இருந்தால் சமைப்பார் அங்கிள். மனம் சரியில்லையெண்டால் அடுப்புப் பத்த வைக்க மாட்டார்" என்றாள், இதில் என்ன அதிசயம் என்பதுபோல.

பிறகு ஓர் இடத்தில் இரண்டு நாளாக அவள் வெறும் 'ஓம்' மட்டும் எழுதியிருந்தாள். 'சாப்பிட்டனீரோ?' 'ஓம்.' அவ்வளவுதான்.

"இதிலை 'நீங்கள்' எண்டு திருப்பிக் கேக்கேல்லையே?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது கோபம் அங்கிள். என்ரை பிறந்தநாளை மறந்திட்டார்."

மூன்றாம் நாள் அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அடிப்பிடித்துக் கருகிப்போன சோற்றுப் பானை. கீழே ஒரு சொல்லும் இல்லை. அவள் பதில்: 'தண்ணி காணாது.' அத்தோடு சமாதானம். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவன் ஆறு தரம் கேட்டிருந்தான். அவன் நாட்டில் அது விடியற்காலை, புது வேலைக்குப் போகும் நேரம். ஆறாவது தரம் அவள் 'கஞ்சி குடிச்சனான்' என்று எழுதிய பிறகுதான் அவன் பஸ் ஏறியிருக்கிறான்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பிரமிப்பாகவும் இருந்தது. வாழ்நாள் முழுக்க உண்மை எது என்று தேடித் திரிந்தவன் நான். அது என் மேசையில் அரிசி மூட்டை கணக்காகக் கிடந்தபோது கொட்டாவி விட்டிருக்கிறேன். முக்கியமானவை என்று நான் எடுத்தவை எல்லாம் கடதாசி. விட்டவைதான் குடும்பம். காலம் கெட்டுப்போச்சு, ஃபோன் வந்து மனிதரைக் கெடுத்துப்போட்டுது என்று நானும் ஊரோடு ஒத்து ஊதியவன்தான். ஆனால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் முன்னோர் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனபோது, ஊரில் இருந்தவளுக்கு மாதத்துக்கு ஒரு கடிதம். அதில் 'நான் நல்ல சுகம்' என்று ஒரு பொய். இந்தப் பெண்ணுக்கோ ஏழு கடல் தாண்டி இருப்பவனின் பானையில் தண்ணீர் குறைந்தது தெரிகிறது. மூன்று கிழமை மட்டும் பழகிய இரண்டு பேர், கையகலக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, சோறும் பாணும் பேசியே ஒரு வீட்டைக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். இந்தக் காலத்தை இனி நான் எந்த வாயால் திட்டுவது?

அந்த நாட்களில் ஒருநாள் வேலை பிந்திப்போய் அவளை மத்தியானமே வரச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டரைக்கு என் ஃபோன் அடித்தது. என் மனைவி. முப்பது வருடமாக, நான் அரசாங்கக் கந்தோரில் இருந்த காலத்திலிருந்தே, வேலைநாள் தவறாமல் அதே நேரத்துக்கு அதே கேள்வி: "சாப்பிட்டாச்சோ?" காலையில் சாப்பாடு கட்டித் தருவதும் அவள்தான். உள்ளே என்ன கறி என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். பிறகு என்ன கேள்வி என்று பல தரம் எரிந்து விழுந்திருக்கிறேன். வேலை மும்முரத்தில் இருந்தால் ஃபோனை எடுக்கவும் மாட்டேன்.

அன்றைக்கும் அவள் கேட்டது பக்கத்தில் இருந்தவளின் காதிலும் விழ, "ம்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

"அன்ரியோ?" என்றாள் அந்தப் பெண்.

"ஓம்."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "கோபமோ அங்கிள்? நீங்கள் திருப்பிக் கேக்கேல்லை."

"அடுத்த வரிக்கு வாரும்" என்றேன். அவள் வந்துவிட்டாள். நான்தான் அந்த வரியிலேயே நின்றேன்.

நானூற்றுச் சொச்சம் பக்கம் ஆயிற்று. அத்தோடு அவளிடமிருந்து ஒரு சத்தியக் கடதாசியும் வைக்க வேண்டும். உம்முடைய சொல்லிலேயே எழுதும் என்று விட்டுவிட்டேன். பழைய புத்தி விடாது. அங்கே இங்கே ஒரு 'உயிரினும் மேலான கணவர்' சேர்த்தால் நல்லாயிருக்கும் என்று கை குறுகுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவள் எழுதியது அரைப் பக்கம். அதில் ஒரு வரி: 'அவர் சாப்பிட்டாரோ இல்லையோ என்று தெரியாமல் நான் ஒருநாளும் நித்திரைக்குப் போனதில்லை.' அதை மொழிபெயர்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். என் தொழிலில் இதைவிட நல்ல வரி என் கையால் போனதில்லை.

அடுத்த வருடம் விசா வந்தது. பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு பெட்டி தொதல் இனிப்போடு வந்து நின்றாள். முகம் விளக்குக் கொளுத்தின மாதிரி இருந்தது.

"இனி எங்களிட்டை அச்சடிக்க ஒண்டும் இராது அங்கிள்" என்று சிரித்தாள். "பக்கத்திலை இருந்தால் ஏன் கேக்கப் போறார்? பார்க்கத் தெரியுந்தானே."

"இல்லைப் பிள்ளை. பக்கத்திலை இருந்தாலும் கேக்கச் சொல்லும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் படியிறங்கிப் போனதும் கீழே எட்டிப் பார்த்தேன். ஃபோட்டோ கொப்பிக் கடை வாசலில் நின்று ஃபோனில் ஏதோ எழுதினாள். என்ன எழுதியிருப்பாள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் மத்தியானம் மணி பன்னிரண்டு இருபத்தைந்து. அவள் விமானம் ஏறியிருப்பாள். மேசையில் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் இருந்தது. வீட்டிலிருந்து அடிக்க இன்னும் ஐந்து நிமிடம். நான் ஃபோனை எடுத்து, முதல் தரமாக, அந்த நேரத்தில் வீட்டுக்கு அடித்தேன்.

"நீர் சாப்பிட்டனீரோ?"

 "என்னப்பா? ஏதும் செய்யுதோ உங்களுக்கு? நெஞ்சு கிஞ்சு நோகுதோ?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான். சாப்பிட்டனீரோ?"

"உதென்ன விசர்க் கேள்வி?" என்றாள், உண்மையிலேயே விளங்காமல். "நீங்கள் சாப்பிட்டனீங்கள் எண்டு இன்னும் சொல்லேல்லையே. பிறகு நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

முப்பத்தொரு வருடம். நான் 'ம்' என்று வைத்த நாட்களில் அவள் சாப்பிட்டிருக்கிறாள். எடுக்காமல் விட்ட நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

"அஞ்சு நிமிசம் பொறும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. அவசர அவசரமாக அள்ளிச் சாப்பிட்டேன். வீட்டில் ஒருத்தி பசியோடு இருந்தாள்.