திருடனையும் மந்திரவாதியையும் கூட்டினால் எவ்வளவு?

1. முதல் நாள்

புனே விமான் நகர் ஆபீஸில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை இது: ஒரு குள்ளன் ஒரே சமயத்தில் திருடனாகவும் மந்திரவாதியாகவும் இருந்தால், அவனுடைய தாக்குதல் எண் எவ்வளவு என்று சரிபார்க்க வேண்டும். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஆகுர்டியில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள் நான். மைக்ரோமீட்டர் பிடித்த கை. அந்தக் கம்பெனி மூடிப்போனதால் இங்கே வந்தேனே தவிர, குள்ளன்மேல் ஆசைப்பட்டு வரவில்லை.

அது 2004. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்து, பிழை பார்த்து அனுப்பும் ஆபீஸ். எங்கள் டீமுக்கு வந்ததெல்லாம் விளையாட்டுப் புத்தகங்கள். விளையாட்டு என்றால் பந்து, மட்டை எதுவும் கிடையாது. ஐந்தாறு பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். டைஸை உருட்டி, வெட்டினானா செத்தானா என்று முடிவு செய்வார்கள். அவ்வளவுதான்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு. வீரன், திருடன், மந்திரவாதி, பூசாரி. இதைக் ‘கிளாஸ்’ என்பார்கள். அனுபவம் சேரச் சேர ‘லெவல்’ ஏறும். ஒரு லெவல் திருடனாக இருந்துவிட்டு அடுத்த லெவலுக்கு மந்திரவாதித் தொழிலையும் சேர்த்துக்கொண்டால் அது ‘மல்டிகிளாஸ்’. கல்யாணமாகி, தொப்பை விழுந்த ஆண்பிள்ளைகள் இதற்காகத் தொண்டை கிழியச் சண்டை போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கர்மம் என்று தலையில் அடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

2. மணிவண்ணனின் ஆள்

டீம் லீடர் மணிவண்ணன். திருநெல்வேலிக்காரர், வீடு சாங்வியில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆடுகிறவர். திங்கட்கிழமை காலை டீ ஆறிப்போகும்வரை அந்தக் கதையை எங்களுக்குச் சொல்லுவார்.

அவருடைய ஆள் மூன்று லெவல் வீரன், இரண்டு லெவல் திருடன், ஒரு லெவல் பூசாரி, ஒரு லெவல் மந்திரவாதி. “பூசாரி எதுக்கு சார்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“காயம் பட்டா தானே ஆத்திக்கிடலாம்லா மேடம்.”

“ஒரு ஆளு ஒரு வேலையை ஒழுங்கா பாத்தா போதாதா?”

“நீங்க ஆடுறதில்ல. அதான் ஒங்களுக்குப் புரிய மாட்டேங்கு.”

புரியாமல் என்ன? எதையும் விடமாட்டான், எதிலும் உருப்படமாட்டான். பந்தியில் பாயசத்தைச் சாம்பாரிலேயே ஊற்றச் சொல்கிற ஆள். ஆபீஸிலும் மணிவண்ணன் அப்படித்தான். டிசைனிங்கில் ஒரு கை, புரோகிராமிங்கில் ஒரு கை, கிளையண்ட்டோடு பேச ஒரு வாய்.

3. அறுபது பேர்

அடுத்த வருஷம் ஒரு தடிமனான புத்தகம் வந்தது. முழுக்க முழுக்க மல்டிகிளாஸ். கடைசியில் அறுபது மாதிரிப் பாத்திரங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தொழில் கலந்தது. ஆடுகிறவர்கள் அப்படியே எடுத்து ஆடலாம் என்பது பதிப்பகத்தின் விளம்பரம். அறுபதுக்கும் எண் போட மணிவண்ணன் ஒரு எக்ஸெல் ஷீட் செய்தார். முதல் செக் ஸ்டெல்லா. இறுதி செக், கையெழுத்து நான்.

ஸ்டெல்லா கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி. வயது முப்பத்தெட்டு. கணவர் விபத்தில் கால் அடிபட்டு வீட்டோடு இருந்தார், சம்பளம் என்று அந்த வீட்டுக்கு வந்தது இவளுடையது மட்டும்தான். ஆறு மாத புரொபேஷனில் கடைசி மாதம். இந்தப் புத்தகம் முடிந்ததும் கன்ஃபர்மேஷன் லெட்டர் என்று சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விதியைப் படித்தாள், அட்டவணையில் ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பார்த்தாள். ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்தாள்.

“அக்கா, பத்தொன்பது ஆளுக்கு டேலி ஆகலேக்கா. திருடன் டேபிள்ல ஃபர்ஸ்ட் லெவல் ஜீரோ. மந்திரவாதிக்கும் ஜீரோ. தோனோ ஜீரோ, ரெண்டையும் கூட்டுனா ஜீரோதானே? சார் ஷீட்ல ஒண்ணுன்னு இருக்கு.”

மணிவண்ணனைக் கூப்பிட்டேன். அவர் விளக்கினார். திருடனுக்கு லெவலுக்கு முக்கால், மந்திரவாதிக்கு அரை. பின்னத்தை வெட்டிவிட்டு அச்சிடுவதால் அட்டவணையில் இரண்டும் ஜீரோ. அவர் ஷீட் முதலில் கூட்டும், ஒன்றேகால் வரும், அதற்குப் பிறகுதான் வெட்டும். அதனால் ஒன்று.

“ஆனா சார், ரூல்ல ஒவ்வொரு கிளாஸையும் அதது டேபிள்ல பாத்துட்டு கூட்டணும்னு போட்டிருக்கே?”

“அது எழுதுனவன் முட்டாப்பய. முக்காலையும் அரையையும் சும்மா தூக்கிப் போடுததா? அநியாயம்லா. நீ வாழ்க்கையில ஒரு தடவையாவது டைஸ் உருட்டியிருக்கியாம்மா?”

நான் சிரித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, வாய்விட்டுச் சிரித்தேன். “விடு ஸ்டெல்லா, சார் ஆடுறவரு. அவருக்குத் தெரியாதா?” என்றேன். அவள் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்த தாள்களை வாங்கி டிராயரில் போட்டேன். இறுதி செக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆகுர்டியில் சூப்பர்வைசர் சொன்னார் என்று ஒரு பீஸைப் பாஸ் பண்ணியிருப்பேனா? செத்தாலும் மாட்டேன். ஆனால் இது குள்ளன், பூதம், கட்டுக்கதை. அரை மந்திரவாதி எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்ற இளக்காரம்.

4. பாட்டீல் சார் அறை

மூன்றாம் வாரம் கிளையண்ட்டிடமிருந்து மெயில் வந்தது. கடைசி புரூஃபில் எழுதியவரே பார்த்துவிட்டார். பத்தொன்பது பாத்திரங்கள் தப்பு, எங்கள் விதியை மாற்ற நீங்கள் யார் என்று கேட்டிருந்தார்கள். முதலாளி பாட்டீல் சார் எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“கிஸ்னே செக் கியா?” என்றார். யார் செக் செய்தது?

மணிவண்ணன் கண் இமைக்காமல் சொன்னார். “ஃபர்ஸ்ட் செக் ஸ்டெல்லா, சார். அவங்களுக்கு கேம் தெரியாது.”

“புரொபேஷன் மே ஹை நா? லெட்டர் மத் தோ.” லெட்டர் கொடுக்காதே. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட அவருக்கு இத்தனை சொல் போதுமானதாக இருந்தது.

ஸ்டெல்லா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்தேன். எனக்கும் நாற்பத்து நான்கு வயது, இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள் என்ற பயம் வந்தது உண்மை. டிராயரைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். தாள்களைக் கொண்டுபோய் பாட்டீல் சார் முன் வைத்தேன்.

பத்தொன்பது வட்டம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரியான கூட்டல், அவள் கையெழுத்தில், தேதியோடு.

“யே கிஸ்னே ரோகா?” இதைத் தடுத்தது யார்?

“நான்தான் சார். இவ சரியா பிடிச்சா. நான் பாக்காமலே சைன் பண்ணேன்.”

மணிவண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஸ்டெல்லாவுக்கு அந்த வாரமே லெட்டர் வந்தது. ஆறு மாதத்துக்கு எனக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை, என் தாள்களை ஸ்டெல்லா பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று ஆர்டர். மணிவண்ணனுக்கு? புரொஜெக்ட் மேனேஜர் புரமோஷன். நான்கு தொழில் தெரிந்தவரை யார் இறக்குவார்கள்!

5. கற்றுக்கொண்டது

லெட்டர் வந்த அன்று ஸ்டெல்லா எனக்கு டீ வாங்கி வந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

“சோடோ அக்கா, விடுங்க,” என்றாள். டீயை என் பக்கம் தள்ளினாள். “ஆனா நீங்க ரெண்டு பேரும் அப்படிச் சொன்னதும், வீட்ல போய் அறுபது ஆளையும் மறுபடி போட்டேன். எட்டு நாள் ஆச்சு. எனக்குக் கூட்டலே தெரியலையோன்னு பயந்துட்டேன்க்கா.”

அந்த விளையாட்டை இன்றும் நான் மதிப்பதில்லை. எல்லாத் தொழிலையும் ஒருத்தனே வாரிக் கட்டிக்கொள்ளும் கிறுக்குத்தனம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு குள்ளனையும் என் கையால் கூட்டாமல் கையெழுத்துப் போட்டதில்லை. வேலைக்கு வரும் இளசுகளே, கையில் வந்த சரக்கை எவ்வளவு வேண்டுமானாலும் இளக்காரமாகப் பேசுங்கள். அதில் தப்பு இருக்கிறது என்று ஒருத்தி தாளோடு வந்து நின்றால், வாயை மூடிக்கொண்டு முதலில் கூட்டிப் பாருங்கள்.