உள்ளே போன பால்பவுடர்

எனக்குப் பொறுமை கிடையாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்று பனியன் கம்பெனியில் கேலி செய்வார்கள். முதலிபாளையத்தில் பேக்கிங் செக்‌ஷன் என் பொறுப்பு. தெற்கே வெள்ளம் என்றார்கள். எங்கள் டெய்லர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள் என்பதால், ஒரே நாளில் லாரி நிறைய நிவாரணப் பொருள் சேர்ந்துவிட்டது.

ஏற்றும்போது டிரைவர் சொன்னார்: "ஏனுங்க்கா, பால்பவுடர் பெட்டியக் கதவோரம் வெச்சா எடுக்கச் சுலுவா இருக்குமுங்க."

"கனமானது உள்ள, பனியன் பெட்டி வெளிய. பதினஞ்சு வருசமா கன்டெய்னர் ஏத்தறேனுங்க. எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்றேன்.

கப்பலுக்குப் போகும் சரக்கை அப்படித்தான் ஏற்றுவோம், போன இடத்தில் மொத்தமாக இறக்கிக்கொள்வார்கள். இது வழியில் நின்று நின்று கொடுக்கிற வண்டி என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

லாரியில் நானும் போனேன். மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூட முகாமில் நிறுத்தினோம். நான் இறங்குவதற்குள் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது.

"பால் வத்திட்டுக்கா. ராத்திரியிலருந்து சீனித்தண்ணிதான் குடுக்கேன். பால்பவுடர் இருக்கா?"

இருந்தது, அத்தனை பனியன் பெட்டிகளுக்கும் பின்னால்.

தூறலில் பெட்டிகளை இழுத்துப் போட்டோம். முகாமிலிருந்த ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். இழுத்த இழுப்பில் எனக்கு நகம் பெயர்ந்தது. அந்த அழுகை என்னைப் பிடுங்கித் தின்றது. "அந்தப் புள்ளையக் கொஞ்சம் அக்கட்டால தூக்கீட்டுப் போயேம்மா!" என்று கத்திவிட்டேன். அவள் குழந்தையோடு வராந்தாவுக்குப் போனாள். எனக்கு என் மேல்தான் ஆத்திரம். டிரைவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அவர் திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

பால்பவுடர் கைக்கு வந்தபோது அழுகை நின்றிருந்தது. வராந்தாவுக்கு ஓடினேன். குழந்தை அவள் மடியில் அசையாமல் கிடந்தது. குனிந்து அதன் மூக்கருகே விரலை வைக்கப் போனேன்.

"அழுது அழுது இப்பந்தான்க்கா கண்ணசந்தான். உறங்கட்டும், முழிச்சதும் குடுக்கேன்" என்றாள்.

அடுத்த ஊருக்குக் கிளம்பலாம் என்று டிரைவர் கூப்பிட்டார். நான் நகரவில்லை. சமையல் நடந்த இடத்தில் வெந்நீர் வாங்கி, அவளுடைய புட்டியைக் கழுவி, பாலைக் கலக்கி ஆற்றினேன். "எழுப்பும்மா" என்றேன்.

அவள் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டினாள். உதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டான்.

அக்கட்டால போ என்று நான் விரட்டிய அதே சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.