தாத்தா பார்க்காத பூ

எங்கள் ஊரில் புல்லோடு சண்டை போடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் கம்மூன்தான். தோட்டத்தில் ஒரு புல் தலை காட்டினால் போதும், லாவோஸ் எல்லையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருகிற மாதிரி கத்துவான். எதிரே கடை போட்டுப் பச்சைப் பப்பாளிச் சாலட் இடித்து விற்றுக்கொண்டிருந்த எனக்கு அவன் கத்தல் இல்லாத நாளில் உலக்கையே ஓடாது.

எல்லாம் ஒரு தொடை எலும்பால் வந்த வினை. அவனுடைய கரும்புக் கொல்லையில் மழை செம்பாறையை அரித்தபோது, எருமை படுத்திருப்பது போல வெளியே வந்தது அது. நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஆஜான் ரட்சனி வந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய படிப்புப் படித்த வாத்தியாரம்மாவை ஆஜான் என்போம். குப்புறப் படுத்துத் தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு, நீளக் கழுத்து டைனோசர், பதிமூன்று கோடி வருஷம் பழசு என்றார். ஊர் பவ்யமாகக் கேட்டுக்கொண்டது. இவ்வளவு பெரிய தொடை உள்ளவர் ஊர்க்காவல் தெய்வமான எங்கள் தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்று சாயங்காலமே ஊதுபத்தி கொளுத்திவிட்டது.

ஊர்த்தலைவர் பிராசிட்டுக்கு எலும்பைச் சுற்றி சிமெண்ட் கொட்டிப் பேருந்து நிறுத்த இடம் பண்ண ஆசை. கம்மூனுக்கு அப்பன் விட்டுப்போன கடைசி மண் அது. அதில் சிமெண்ட் விழுவதை நினைத்தாலே சோறு இறங்காது. அப்போது ஆஜான் ஒரு வழி சொன்னார். எலும்பைச் சுற்றி தாத்தா காலத்துக் காடு வளர்க்கலாம், கம்மூனுக்கு அருங்காட்சியகமே சம்பளம் தரும், மாகாணக் குழு வந்து பார்த்து 'உண்மையிலேயே அந்தக் காலத்துக் காடுதான்' என்று ஒத்துக்கொண்டால் மண் பிழைக்கும், இல்லாவிட்டால் சிமெண்ட்.

"என்னென்ன நடணும்?" என்று கேட்டான் கம்மூன்.

"பெரணி நடு, ஈச்சை மாதிரி இருக்குமே, அந்த சைக்கஸ் நடு, பைன் நடு. பாறையில பாசி தானா வரும்."

"கரையில கொஞ்சம் புல்லு?"

"தாத்தா காலத்துல புல்லே கிடையாதுப்பா. உன் நெல்லு, உன் கரும்பு எல்லாமே புல் ஜாதிதான். ரொம்பப் பின்னால வந்தது."

"பூவு?"

"பூ அப்பதான் எங்கயோ ஒரு மூலையில மொட்டு விட ஆரம்பிச்சிருக்கும். இவர் கண்ணால பார்த்திருக்கவே மாட்டார்."

பிறந்ததிலிருந்து புல்லை நட்டுப் புல்லைத் தின்று வளர்ந்தவன், அன்றிலிருந்து புல்லுக்கு எமன் ஆனான். மற்றவர்கள் ஊர் எல்லையைக் காவல் காப்பார்கள். இவன் பதிமூன்று கோடி வருஷத்தின் எல்லையை ஒரு மண்வெட்டியோடு காவல் காத்தான். காற்றில் ஒரு விதை மிதந்து வந்தால் தொப்பியால் விரட்டுவான். வண்ணத்துப்பூச்சி வந்தால்கூட, "உன் காலம் இன்னும் வரல, போ" என்பான்.

காற்றையும் பூச்சியையும் விரட்டிவிடலாம். பெண்டாட்டியை எங்கே விரட்டுவது? அவள் புவாலா, வாசலில் செவ்வந்தி மாலை விற்றாள். கும்பிட வருகிறவர்கள் வாங்கித் தாத்தா தொடைமேல் போடுவார்கள். மாலை காய்ந்து விதை உதிரும், ஒரு தூறல் விழுந்தால் பெரணிக்கு நடுவே செவ்வந்திக் கன்று பல்லைக் காட்டும்.

"அந்தாளு பூவையே பார்த்தது கிடையாதுடி," என்றான் கம்மூன்.

"அதனாலதான்யா போடுறோம். பார்க்காதவருக்குத்தான ஆசை அதிகமா இருக்கும்."

"உன் மாலையாலதான் எங்கப்பன் மண்ணு சிமெண்ட் ஆகப்போகுது."

"ஆகட்டும். சிமெண்டுல உட்கார்ந்து விக்கிறேன், துணி அழுக்காகாது."

குழு மழைக்காலத்தில் வருவதாகச் செய்தி வந்தது. கம்மூனுக்குக் கைகால் ஓடவில்லை. மனிதர்கள் கேட்க மாட்டேன் என்கிறார்கள், தாத்தாவையே கேட்டுவிடுவோம் என்று கிளம்பிவிட்டான்.

எங்கள் ஊரில் உழவுக்கு முன்னால் காவல் தாத்தாவுக்குக் கோழி வேகவைத்துப் படைப்போம். பூசாரி பூன்மா அதன் தாடை எலும்பை உருவி வெளிச்சத்தில் பார்த்து, மழை வருமா, ஊருக்கு நல்லதா என்று சொல்வார். அவர் வாக்குக்கு மறுபேச்சு இல்லை. அந்த வருஷம் படையல் எலும்புக்கு மேல் போட்டிருந்த கொட்டகையிலேயே நடந்தது.

"தாத்தாவுக்குப் பூ வேணுமா வேணாமான்னு கேட்டுச் சொல்லு மாமா," என்றான் கம்மூன்.

பூன்மா தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் வளைஞ்சிருக்கு. வேணுங்கிற மாதிரியும் இருக்கு, வேணாங்கிற மாதிரியும் இருக்கு."

"மாமா, தெளிவாச் சொல்லு."

"கோழி தெளிவாச் சொன்னாத்தானடா நான் தெளிவாச் சொல்ல முடியும்."

கம்மூனுக்குப் பொறுமை போயிற்று. "கோழிகிட்ட என்னத்தைக் கேக்கிறே? அது யாருன்னு தெரியுமா? ஆஜானம்மா சொல்லியிருக்காங்க, டைனோசர் வம்சத்துல மிச்சம் நிக்கிறது கோழியும் காக்காயும்தான். நேர் பேரன் இல்ல. தாத்தாவுக்குப் பங்காளி ஒருத்தரு ரெண்டு கால்ல ஓடினாரு பாரு, அவரு வழி."

பூன்மா கையிலிருந்த தாடையை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தனை வருஷமா அவரு பங்காளி பேரனைக் கொன்னு அவருக்கே படைச்சிருக்கமா?"

"நான் அதைச் சொல்ல வரல மாமா."

"வேற எதைடா சொன்னே?"

அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. இனித் தாத்தா முன்னால் கோழி அறுக்கக்கூடாது. அறுத்த பாவம் தீர, ஆளாளுக்கு உயிர்க்கோழி கொண்டுவந்து தோட்டத்தில் விட வேண்டும்.

"சரி, அப்படியே பூவையும் நிறுத்திடுங்க," என்றான் கம்மூன்.

"கோழியையும் நிறுத்திட்டுப் பூவையும் நிறுத்தினா தாத்தா என்ன பட்டினியா கிடப்பாரு?" என்றார் பூன்மா. "பூவை ரெட்டிப்பாக்குங்க."

மறுநாளே புவாலா மாலைக்குப் பக்கத்தில் ஒரு கூடைக் கோழிக்குஞ்சையும் வைத்துவிட்டாள். கம்மூன் ஆஜானுக்குப் போன் போட்டுப் புலம்பினான். "நீ எதுக்கு அதை அவங்ககிட்ட சொன்னே?" என்றார் அவர். "நீங்க எதுக்கு அதை என்கிட்ட சொன்னீங்க?" என்றான் இவன்.

அதன் பிறகு அவன் புல் பிடுங்கி நான் பார்க்கவில்லை. எங்கே நேரம்? பேங்காக்கில் உள்ள ஆட்களைவிட அந்தத் தோட்டத்தில் கோழிகள் அதிகம். சைக்கஸ் உச்சியில் ஒன்று, தாத்தா தொடைமேல் ஒன்று. பெரணியைச் சீய்க்க வருவதை விரட்டி விரட்டிக் கம்மூன் பாதியாய் இளைத்தான். மாலையோடு வந்த பாட்டிமாரைப் பார்த்து, "கொட்டுங்க, நல்லாக் கொட்டுங்க, நாளைக்கு உங்களையும் சேர்த்து சிமெண்ட் பூசுவாங்க," என்பான்.

மழையோடு குழுவும் வந்தது. பிராசிட் முகமெல்லாம் சிரிப்பு. கம்மூன் தப்பிக்க வழியில்லை என்று வேப்பிலை தின்றவன் மாதிரி நின்றான். குழுத்தலைவர் ஒல்லியான மனிதர். நேரே குந்தி உட்கார்ந்து, பேன் பார்ப்பது போல மண்ணைப் பார்த்தார். நகர்ந்து போய் இன்னோர் இடம் பார்த்தார். பைன் நிழலுக்குள்ளும் தலையை விட்டார்.

"ஒரு புல்லுகூட இல்லையே," என்றார்.

கம்மூன் கீழே பார்த்தான். வெறும் செம்மண். முளைத்த புல், முளைத்த செவ்வந்தி, எல்லாவற்றையும் கோழிகள் வேரோடு கிளறித் தின்றிருந்தன. காலையில் போட்ட மாலைகளில்கூட இதழ் இல்லை, தாத்தா தொடைமேல் வெறும் நூல்தான் தொங்கியது. மாமாங்கமாய் அவன் மண்வெட்டி முடிக்காத வேலையைப் பங்காளி வம்சம் முடித்துவிட்டிருந்தது.

"எப்படிப்பா செஞ்சே?"

"நான் எங்கங்க செஞ்சேன்," என்றான் அவன், கடுப்போடு.

அடக்கமான ஆள் என்று நினைத்துக்கொண்டார் குழுத்தலைவர். தோட்டம் இருக்கட்டும், சிமெண்ட் வேண்டாம் என்றார். பிராசிட்டின் சிரிப்பு மழையில் கரைந்தது. "இந்தக் கோழிகளும் இங்கயே இருக்கட்டும். சொந்தக்காரங்கதானே, ரொம்பப் பொருத்தம்," என்றார் குழுத்தலைவர்.

"ஐயா, அது வேணாங்க, பெரணியத் தின்னுதுங்க."

"சுத்தி ஒரு வேலி போட்டுக்கோ. கம்பி வேணாம், பார்க்க நல்லா இருக்காது."

"மூங்கில்ல போட்டுடறேன்."

ஆஜான் ரட்சனி தொண்டையைக் கனைத்தார். "கம்மூன், மூங்கிலும் புல் ஜாதிதான்."

கம்மூன் அவரைப் பார்த்தான், குழுவைப் பார்த்தான். ஒரு பெட்டை அதற்குள் பெரணிக் குருத்தைக் கொத்த ஆரம்பித்திருந்தது. அவன் போய்ப் பெரணிக்கும் அதற்கும் நடுவே கால்களை அகட்டி நின்றுகொண்டான்.

"என்னப்பா பண்றே?" என்றார் குழுத்தலைவர்.

"வேலிங்க," என்றான்.