பிடியரிசிக் கலயம்

உலை கொதிக்கத் தொடங்கியதும் அம்மா, கழுவ எடுத்த அரிசியில் ஒரு பிடி அள்ளி மூலையிலிருந்த மண்கலயத்தில் போடுவாள். சரசரவென்று அது விழும் சத்தம்தான் எங்களுக்குச் சாப்பாட்டு மணி. அதற்குப் ‘பிடியரிசி’ என்று பெயர். அது கர்த்தருடையது. மாதம் ஒருமுறை போடியிலிருந்து மலையேறி வரும் உபதேசியார் அதை வாங்கிப்போய்ச் சபையில் சேர்ப்பார். காலை மாலை முழங்கால் ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், வேளைக்கு ஒரு பிடி அரிசி, இவற்றை விடாமல் செய்தால் விசுவாசம் தானாக வேர்பிடிக்கும் என்பது அம்மாவின் எண்ணம். எனக்கோ வெள்ளிக்கிழமை வந்தாலே வயிற்றில் எரிச்சல், வாயில் முணுமுணுப்பு.

ஐம்பதுகளில் ஓர் ஐப்பசி. போடிக்கு மேலே ஏலத்தோட்டத்து ‘லயம்’ என்ற வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அய்யாவுக்கு அங்கே காயெடுப்பு வேலை. விடாமழையில் மலைப்பாதை சரிந்து, அரிசி கொண்டுவரும் பொதிக்கழுதைகள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. வீட்டில் அரிசி தீர்ந்தது, லயம் முழுக்க அதே கதி. ‘கப்பை’ என்ற மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றோம். அந்த நேரம் பார்த்துத் தம்பி சாமுவேலுக்கு மலைக்காய்ச்சல். கிழங்கு உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. பிள்ளை துவண்டு கிடந்தான். தோட்டத்துக் கம்பவுண்டர், “கஞ்சித்தண்ணி குடுங்க, இல்லாட்டிப் பிள்ளை தாங்காது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அய்யாவின் கண் கலயத்துக்குப் போனது.

“இந்தா, அதை எடு.”

“குடுத்ததை எப்பிடிங்க திரும்ப எடுக்க? அது நம்மளது இல்ல.”

“பிள்ளை போனா ஒங் கர்த்தர் தூக்கிக் குடுப்பாரா? வெரசா எடுடி!”

அய்யா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அம்மா தம்பியின் தலைமாட்டில் முழங்காலிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. பசித்த வீட்டில் சாமி ஒருவருக்கு மட்டும் கலயம் நிறைய அரிசியா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் எழுவதாகத் தெரியவில்லை. தம்பியின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அய்யா மூலையை நோக்கி நடந்தார்.

“இருங்க” என்று எழுந்த அம்மா, கலயத்தை முறத்தில் கவிழ்த்தாள். கல் பொறுக்கினாள். பிறகு அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி அள்ளி, வெறும் கலயத்துக்குள் போட்டாள். மீதியெல்லாம் உலைக்குப் போனது.

“கேட்டேன், குடுத்தாரு. குடுத்ததுல அவரு பங்கை வைக்க வேணாமா?” என்றாள், சந்தைக்குப் போய்வந்த கணக்கைச் சொல்வது போல.

அந்தக் கஞ்சியில்தான் தம்பி பிழைத்தான். பாதை சீராகி உபதேசியார் வந்ததும் அம்மா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் இருந்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது மலைக்கு ஜீப்பில் அரிசி மூட்டை போகிறது, கழுதைகள் இல்லை. போடியில் என் மருமகள் குக்கருக்குத் தம்ளரால் அளக்கிறாள். மாதம் பிறந்தால் சபைக்கு உறையில் காணிக்கை தவறாமல் போய்விடுகிறது. நானும் நாள் தவறாமல் ஜெபிக்கிறேன், உபவாசமும் இருக்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அன்று அந்த முறத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தால், ஒரு மணி மிச்சமில்லாமல் அத்தனையையும் உலையில் கொட்டியிருப்பேன்.