கரவெட்டிக்கு வந்த சுவைதாச் செய்தி

காலை ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை பஸ் ஏறினேன். நெல்லியடியில் இறங்கி, முந்நூறு ரூபாய்க்கு ஓட்டோ பிடித்துக் கரவெட்டி போய்ச் சேர்ந்தபோது பதினொன்றுகூட ஆகவில்லை. பயணிகளுக்கு அறை கொடுக்கும் யோகம் அக்கா வாசலில் நின்றார். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்கு நாக்கைத் தீட்டிக்கொண்டு போன எனக்குக் கிடைத்தது, குட்டிக் கிளாசில் ஏதோ பச்சைக் கசப்பு; உறிஞ்ச ஓர் உலோகக் குழல். அவர் உறிஞ்சிவிட்டு, குழலை எலுமிச்சைத் தோலால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"உது மத்தே எண்ட இலைத் தேத்தண்ணி, தம்பி. சிரியாவிலை, சுவைதாவிலை, ஒரு துரூசு வீட்டிலை வேலை செய்தனான். அங்கை ஆர் வந்தாலும் உதுதான் குடுப்பினம்."

துரூசு என்ற பெயரையே நான் கேட்டதில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன் இஸ்லாத்திலிருந்து கிளைத்துத் தனி வழி போனவர்களாம். வேதத்தைத் தீட்சை பெற்றவர்களுக்குத்தான் காட்டுவார்கள். வெளியாரைச் சேர்க்கவே மாட்டார்கள். மலைகளில் ஒதுங்கித் தப்பிப் பிழைத்தவர்கள், இன்று சிரியா, லெபனான், இஸ்ரேல் என்று எல்லைகளுக்குள் பிரிந்து கிடக்கிறார்கள்.

"செத்தால் அந்தக் கணமே இன்னொரு துரூசு வீட்டிலை பிறப்பினமாம். 'யோகம், நீ தங்கமான பிள்ளை, ஆனால் உன்னை எங்களோடை சேர்க்க ஏலாது' எண்டு பாபா பகிடி விடுவார்."

பாபா அந்த வீட்டுக்காரர். சுவைதாவில் துரூசுகளுக்கு எதிராகச் சண்டை மூண்டதிலிருந்து அவர் மகள் ரீமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்று அக்கா தவித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சோறு போடும்போது கைபேசி சிணுங்கியது. ரீமா அனுப்பிய காணொளி. வெள்ளைத் தொப்பி போட்ட முதியவரின் தாடையைத் துப்பாக்கி மாட்டிய ஒருவன் பிடித்திருக்கிறான். இன்னொருவன் சிரித்துக்கொண்டே அவர் மீசையைக் கத்தரிக்கிறான். எடுத்துப் பரப்பியதும் அவர்களேதான். மனிதர்களா இவர்கள்!

"ஐயோ, பாபா! அவைக்கு மீசைதானே மானம்!" அக்கா கீழே ரீமா எழுதியிருந்த வரிகளைப் படித்தார். அகப்பை கையிலிருந்து விழுந்தது. "பிறகு வாசல்லை வைச்சுச் சுட்டுப்போட்டாங்களாம், தம்பி."

அன்று இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு ஓட்டோ வந்தது. பெற்ற தகப்பனின் சாவுக்குத் தோய்வதுபோல் தலைக்குத் தோய்ந்து, ஈரக் கூந்தலோடு அக்கா வழியனுப்ப வந்தார். எங்கள் மதுரைப் பக்கம், போனவர் நம் வீட்டுப் பிள்ளையாகவே வந்து பிறப்பார் என்று ஆறுதல் சொல்வோம். வேறு எதுவும் தோன்றாமல் அதைச் சொல்லித் தொலைத்தேன்.

"இஞ்சை வந்து பிறவுங்கோ எண்டு கும்பிடவும் ஏலாது, தம்பி," என்றார் அக்கா. "பாபா அவையின்ரை வீட்டுக்குத்தான் வருவார். வாறதுக்கு அங்கை ஒரு வீடாவது மிஞ்சோணுமே."