வானுக்கு ஒரு குடிபூரல்

பாலாம்பிகை என்று முழுப்பெயரில் அவரைக் கூப்பிட்டது அவர் வேலை செய்த மருந்துக் குளிசைத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் மட்டும்தான். அந்த மனிதருக்கும் பெயர் பாதியில் நாக்கைச் சுளுக்கிவிடும். மற்ற எல்லோருக்கும் அவர் பாலாக்கா. கணவர் குணரத்தினம், ஊர் வழக்கப்படி குணத்தார். இருவரும் எழுபதுகளின் தொடக்கத்திலேயே, யாரும் துரத்தாமல், வேலை தேடி மொன்றியலுக்கு வந்தவர்கள். குணத்தார் சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வரைபடம் வரைந்தார். பக்கத்துத் தெருவில் பாலாக்கா குளிசைகளைப் பெட்டியில் அடைத்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு வீடு வாங்கினார்கள். ஒரே மகள் கல்யாணம் கட்டி லண்டன் போனாள். இனி இரண்டு பேருமாகக் காலாற நாலு இடம் பார்க்கலாம் என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் இலங்கையில் தமிழர்மேல் கலவரம் வெடித்தது.

அதன்பிறகு அந்த வீட்டு ரெலிபோன் ஓயவில்லை. மிராபெல் விமான நிலையத்தில் யாராவது வந்து இறங்குவார்கள். கையில் குணத்தாரின் நம்பர் இருக்கும். எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் கொழும்பில் ஒருவர், பிராங்போட்டில் ஒருவர் என்று நீண்டுகொண்டே போகும். குணத்தார் கேட்கவே மாட்டார். காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்து பேஸ்மன்டில் படுக்க வைப்பார். பேஸ்மன்ட் நிரம்பி, மேல்மாடி நிரம்பி, குளியலறைக்கு வரிசை வந்து, குசினியில் பாலாக்கா கல்யாண வீட்டுக்குக் கணக்கான பானையை அடுப்பிலிருந்து இறக்கவே நேரமில்லாமல் போயிற்று.

பாலாக்காவுக்கு அதில் மனக்குறை என்று யாரும் நினைக்கக்கூடாது. வந்தவர்களை அவருக்குப் பிடித்திருந்தது. யாருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, யாருக்கு இரவில் பயக் கனவு வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் புருஷனோடு ஒரு சொல் தனியாகப் பேச முடியவில்லை. அவர்களுடைய அறைக்குள் எல்லோருடைய பெட்டிகளும் அடுக்கியிருந்தன. ஒருவர் சேர்ட் எடுக்க வருவார், ஒருவர் பாஸ்போர்ட் தேடி வருவார். கடைசியில் இரண்டு பேரும் வாசலில் நிற்கும் காருக்குள் போய், ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்காரரே வீட்டுக்கு வெளியே ஒளித்திருந்து கதைத்த கூத்து அது.

எண்பத்தாறு மாசி மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அந்தக் காருக்குள் இருந்துதான் குணத்தார் விஷயத்தைச் சொன்னார். வருகிற சித்திரையோடு இருவருக்கும் வேலையில் ஓய்வு கிடைக்கிறது. ஒரு வான் வாங்கி, உள்ளே ஒரு கட்டில், ஒரு குசினி அடித்து, ஓட்டிக்கொண்டே போய்ப் பசிபிக் கடலைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? பாலாக்கா, "நாங்கள் ரெண்டு பேர் மட்டும்தானே?" என்று கேட்டார். குணத்தார் ஓம் என்றதும் அவர் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று வீட்டின் ஜன்னல் சீலைகள் எல்லாம் விலகின.

வான் ஒரு பேக்கரியிலிருந்து கிடைத்தது. பாண் கொண்டுதிரிந்த பழைய வான். எத்தனை தடவை கழுவியும் உள்ளே பாண் வாசம் போகவில்லை. போகவேண்டாம் என்றார் பாலாக்கா. மரவேலைக்கு ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பேஸ்மன்டில் மனைவி யோசெப்பினோடு இருந்த சவிரிமுத்து, திருகோணமலையில் தச்சு வேலை செய்தவர். பகலில் துறைமுகத்துக் கிட்டங்கியில் பெட்டி தூக்கிவிட்டுப் பின்னேரம் வந்து வாளை எடுப்பார். மெத்தை உறை தைப்பது யோசெப்பின் பொறுப்பு. மற்றவர்கள் அபிப்பிராயம் சொன்னார்கள். தேங்காய் துருவுகிற திருவலைக்கு ஒரு இடம், இடியப்ப உரலுக்கு ஒரு இடம், வேப்பிலை உருண்டைக்கு ஒரு தட்டு, பிள்ளையார் படத்துக்கு ஒரு மூலை. சொன்னதையெல்லாம் செய்திருந்தால் வானுக்குள் ஆட்களுக்கு இடம் இருந்திராது. அபிப்பிராயத்துக்குக் காசா பணமா, எல்லோரும் தாராளமாகக் கொடுத்தார்கள்.

வரைபடம் குணத்தாருடையது. தொழிற்சாலையில் இறக்கைக்கு வரைகிற மனுஷன், கட்டிலுக்கு வரைய மாட்டாரா? அழகாக வரைந்தார். ஒருநாள் பாலாக்கா திரைச்சீலைக்கு அளவெடுக்க உள்ளே போனபோது, இரண்டு பக்கமும் நீளத்துக்கு மரப்பெட்டிகள் அடித்திருந்ததைக் கண்டார். மூடிகளின் மேல் மெத்தை. சாமான் வைக்க என்றார் குணத்தார். பாலாக்கா தலையாட்டினார். குனிந்து பார்த்தார். பெட்டிகளுக்குப் பின்னால் ஒழுங்காகப் பூட்டியிருந்தன சீட் பெல்ட்டுகள்.

"இஞ்சாருங்கோ, சாமானுக்கு என்னத்துக்கு பெல்ற்?"

சவிரிமுத்து வானின் கூரையை ஆராயத் தொடங்கினார். குணத்தார், சும்மா, ஒரு அவசரத்துக்கு, எப்பவாவது யாரையாவது ஏற்றவேண்டி வந்தால் என்று இழுத்தார். இது வானோ, இல்லை யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஓடுகிற எழுநூற்றைம்பதாம் நம்பர் பஸ்ஸோ என்று பாலாக்கா கேட்டார். அன்று பின்னேரமே பெட்டிகள் கழன்றன. அந்த இடத்தில் ஒரு பக்கம் அலுமாரியும் மறுபக்கம் தண்ணீர்த் தாங்கியும் வந்தன. இரண்டு மடக்குக் கதிரை, இரண்டு கோப்பை, இரண்டு தலையணை. மூன்றாவதாக எதையும் உள்ளே விடமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

ஆனால் மனுஷனை யார் கழற்றுவது? இல்லை என்று சொல்லக் குணத்தாருக்கு இந்தப் பிறவியில் வராது. கட்டில் அடித்து முடிய முன்னமே, யாரோ வாடகை வீடு மாறுகிறார்கள் என்று வான் போயிற்று. வேறொரு நாள் கல்யாண வீட்டுக்குச் சட்டிபானை ஏற்றப் போயிற்று. ஒரு சனிக்கிழமை திரும்பிவந்தபோது, புதிதாக வார்னிஷ் அடித்த அலுமாரிக் கதவில் நீளத்துக்கு ஒரு கீறல். கட்டிலுக்கடியில் யாரோ விட்டுப்போன வெங்காய மூட்டை. பாலாக்கா வானின் நிலத்தில் குந்தியிருந்து அந்த மூட்டையைப் பார்த்து அழுதார். வெங்காயத்துக்காக அல்ல. வீடு எப்படிப் போனதோ அப்படியே வானும் போகப்போகிறது, பசிபிக் கடல் என்பது வெறும் பேச்சு, இந்தச் சீவியத்தில் தானும் தன் புருஷனும் ஒரு கிழமை தனியாக இருக்கப்போவதில்லை என்று அவருக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது.

அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். பாலாக்காவின் குணமே அதுதான். அழுகையைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்க மாட்டார். நேரே பஞ்சாங்கம் பார்த்தார். ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நல்ல நேரம் இருந்தது. வானுக்குக் குடிபூரல் என்று வீட்டிலும் வெளியிலும் அறிவித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். புதுவீட்டுக்குள் வலது காலை வைத்துப் போய், பால் காய்ச்சிப் பொங்க விட்டுக் குடிபுகுவது தெரியும். பாண் வானுக்குள் யார் குடிபுகுந்தது? பாலாக்கா சிரிக்கவில்லை. அவர் போட்ட கணக்கு வேறு. வானை இரவல் கேட்க எங்கள் சனத்துக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் ஒரு புருஷனும் பெண்சாதியும் பால் காய்ச்சிக் குடிபுகுந்த வீட்டைக் கழற்றிக்கொண்டு போய் அதில் சோபா ஏற்ற யாருக்கு மனம் வரும்?

அந்தச் சனிக்கிழமை காலை, மாவிலைக்குப் பதிலாக மேப்பிள் இலைகளைக் கோத்து வான் கதவில் தோரணம் கட்டியவர் சவிரிமுத்து. கிறிஸ்தவ வேதக்காரர்தான், என்றாலும் தான் அடித்த வீட்டுக்குத் தோரணம் தானே கட்டவேண்டும் என்று நின்றார். கதவு கிழக்கே பார்க்கவேண்டும் என்று குணத்தார் வானை முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பினார். வீட்டுக்கு வாசலைத் திருப்புகிற வசதி எந்தப் பணக்காரனுக்கும் கிடைக்காது. வாசலில் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. முன்வீட்டு வெள்ளைக்காரர் புல்வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பொன்ஜூர் சொல்லி வேடிக்கை பார்த்தார். சின்ன அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒவ்வொருவராக ஏறி, பால் குடித்து, அலுமாரியைத் தொட்டுப் பார்த்து இறங்கினார்கள். அடுத்த கிழமை மெத்தை ஏற்ற வான் கேட்கலாம் என்று வந்த கிருபானந்தனும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். பாலைக் குடித்தார். வீடு வடிவாயிருக்கு அக்கா என்று சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே இறங்கிப் போனார். பாலாக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

மத்தியானச் சாப்பாட்டோடு புறப்படுவதாக ஏற்பாடு. இலையில் சோறு விழ முன்னம் ரெலிபோன் அடித்தது. எடுத்த யோசெப்பின் வாசலுக்கு வந்து சொன்னார். மிராபெலில் ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். குணத்தார் ஐயாவைத் தெரியுமா என்று கேட்கிறார்கள்.

குணத்தாரின் கை தானாகவே கார்த் திறப்பு இருந்த சட்டைப்பைக்குப் போயிற்று.

"ஒரு எட்டுப் போயிட்டு வாறன். பேந்து வெளிக்கிடுவம்," என்றார், பாலாக்காவின் முகத்தைப் பாராமல்.

போகவேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அங்கே நின்ற அத்தனை பேரும் அந்தக் காரில் வந்து இறங்கியவர்கள். பிறகு என்றால் நாளைக்கு, நாளைக்கென்றால் அடுத்த மாதம், அடுத்த மாதமென்றால் பனி விழுந்துவிடும் என்பது பாலாக்காவுக்குத் தெரியும். கோபத்தில் சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். அப்போதுதான் சவிரிமுத்துவைக் கண்டார். சொல்லாமல் கொள்ளாமல் அந்த மனுஷன் சப்பாத்தைப் போட்டு முடித்துவிட்டு, கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று நின்றார். லைசன்ஸ் எடுத்து இரண்டு மாதமாகியும் அவரை ஒருவரும் ஓட்டச் சொன்னதில்லை. பாலாக்காவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"இத்தினை வருஷமா நீங்கள் மட்டும்தானே போய்க் கூட்டிக்கொண்டு வாறியள்," என்றார் புருஷனிடம். "அவையளுக்கும் ஒருதரைக் கூட்டிவர ஆசை இருக்காதே?"

குணத்தார் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு யோசனை அவருக்கு இதுவரை வந்ததேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஓம் அண்ணை," என்றார் சவிரிமுத்து. "நான் வந்த அண்டைக்கு நீங்கள் நிண்ட இடத்திலை இண்டைக்கு நான் நிக்கிறன். திறப்பைத் தாங்கோ."

திறப்பைக் கொடுத்தாலும் குணத்தார் புத்திமதியை நிறுத்தவில்லை. எந்தக் கதவால் வருவார்கள், எந்தப் பாதையில் திரும்பவேண்டும், ஆனி மாதமென்றாலும் பிள்ளைகளுக்குக் குளிரும், ஜக்கெற் கொண்டுபோ, பிஸ்கற் கொண்டுபோ. கார் தெருமுனை திரும்பும்வரை கையாட்டிக்கொண்டு நின்றார். வெறுங்கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அவரிடம் பாலாக்கா மிச்சமிருந்த பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். அழுகிற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் இருந்தவர் அதைக் குடித்தார். பிறகு இருவரும் வானில் ஏறினார்கள். வீடு முழுவதும் தெருவில் நின்று வழியனுப்பியது.

மேற்கே போகிற பெருந்தெருவில் குணத்தார் வானை விட்டார். பின்னால் யாரும் இல்லாத வான் அவருக்குப் பழக்கமில்லை. கண்ணாடியில் அடிக்கடி பின்பக்கம் பார்த்தார். ஒட்டாவா தாண்டியதும் பாலாக்காவால் பொறுக்க முடியவில்லை. நிற்பாட்டி ஒருக்கால் போன் எடுத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் கடல் வரைக்கும் நெளிந்துகொண்டுதான் வருவீர்கள் என்றார்.

பெற்றோல் நிலையத்துப் போன் பெட்டிக்குள் குணத்தார் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது குற்றம் செய்த பிள்ளையைப் போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஆட்கள் சுகமாக வந்து சேர்ந்துவிட்டார்கள். குளித்துச் சாப்பிட்டாயிற்று. ஆனால் படுக்க எங்கும் இடமில்லாததால் யோசெப்பின் எல்லோருடைய பெட்டிகளையும் வெளியே எடுத்து அடுக்கிவிட்டு, அவர்களை இவர்களுடைய அறையில், இவர்களுடைய கட்டிலில் படுக்க வைத்துவிட்டார் என்று இழுத்து இழுத்துச் சொன்னார் குணத்தார். இதைக் கேட்டுப் பாலாக்கா என்ன சொல்வாரோ என்று அவருக்குப் பயம்.

பாலாக்கா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, காலை மடக்கிச் சீற்றில் வசதியாக இருந்தார்.

"நல்லதாப் போச்சு," என்றார். "இனித் திரும்பிப் போனாலும் எங்களுக்குப் படுக்க இடமில்லை. நேரா ஓட்டுங்கோ."